மிகைச் சம்பளம்: பிழை எழுதிய கையும் பணம் கட்டும் கையும்

ஓய்வுபெற ஆறேழு மாதம் இருக்கும்போதுதான் ஓர் அரசு ஊழியரின் எஸ்.ஆர். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை ஒரே மூச்சில் படிக்கப்படுகிறது. அதுவரை அந்தப் பணிப்பதிவேடு பீரோவில் கிடக்கும். ஊதிய உயர்வுக்கு ஒரு வரி, விடுப்புக்கு ஒரு வரி, மாறுதலுக்கு ஒரு வரி எழுத மட்டும் வெளியே வரும். பென்ஷன் கருத்துரு தயாராகும்போது பிரிவு எழுத்தர் படிக்கிறார், கண்காணிப்பாளர் படிக்கிறார், பிறகு மாநிலக் கணக்காயர் அலுவலகம் படிக்கிறது. இருபது, முப்பது வருடத்துப் பழைய பிழை அப்போதுதான் கண்ணில் படுகிறது.

நான் சம்பளப் பட்டியல் போட்ட ஓர் அலுவலகத்தில் பதிவறை எழுத்தர் ஒருவருக்கு இப்படி நேர்ந்தது. அவர் வேலையில் சேர்ந்தது 1985 ஜூன் 3. ஆண்டு ஊதிய உயர்வு காலாண்டின் முதல் நாளில் வரும் என்பதால் அவருக்கு அது ஏப்ரல் 1. 1994இல் மனைவியின் உடல்நிலைக்காக 43 நாள் சம்பளமில்லா விடுப்பு எடுத்தார். மருத்துவச் சான்று வைக்காத அந்த 43 நாளைத் தள்ளினால் ஜூன் 3 என்பது ஜூலை 16 ஆகிவிடுகிறது, காலாண்டு மாறுகிறது, ஊதிய உயர்வு ஜூலை 1க்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை. ஆண்டுதோறும் ஏப்ரல் 1 என்றே எழுதிக்கொண்டு போனோம். வருடத்துக்கு மூன்று மாதம், ஓர் ஊதிய உயர்வும் அதற்கான அகவிலைப்படியும் கூடுதலாகப் போனது. 2017இல் கணக்குப் போட்டபோது பதினேழாயிரத்துச் சொச்சம் வந்தது. அந்த எஸ்.ஆரில் ஆறு ஊதிய உயர்வு என் கையால் எழுதியவை.

பணிக்கொடையிலிருந்து பிடித்துக்கொள்ளச் சம்மதம் என்று ஒரு கடிதம் அவரிடம் வாங்கினோம். வாசகத்தை நாங்களே தட்டச்சு செய்து வைத்திருந்தோம். பென்ஷன் தாமதமாகக் கூடாதே என்று அவர் படித்தும் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார்.

அரசு தவறுதலாகக் கூடுதலாகக் கொடுத்த சம்பளத்தைத் திரும்ப வாங்கலாமா என்ற கேள்வி, இந்திய நீதிமன்றங்களில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக ஓய்ந்தபாடில்லை. சாதாரணச் சட்டப்படி பார்த்தால் பதில் எளிது. 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 72ஆவது பிரிவு, தவறுதலாகக் கொடுக்கப்பட்ட பணத்தைப் பெற்றவர் திருப்பித் தர வேண்டும் என்கிறது. மளிகைக் கடைக்காரர் சில்லறையில் நூறு ரூபாய் கூடக் கொடுத்துவிட்டால் நாம் திருப்பித்தானே தருகிறோம்? ஆனால் கடைக்காரர் மறுநாள் கேட்பார். இருபத்திரண்டு வருடம் கழித்து வந்து, மாதாமாதம் நூறு நூறாகக் கூடப் போயிருக்கிறது, மொத்தமாக எடுத்து வை என்று கேட்கமாட்டார். சிக்கல் அங்கேதான் இருக்கிறது.

ஒரு பிழை எப்படி வளர்கிறது என்பதை வெளியில் இருப்பவர்கள் எளிதில் ஊகிக்க முடியாது. 2010இல் ஒருவருக்குப் பதவி உயர்வின்போது ஊதிய நிர்ணயத்தில் ஓர் ஊதிய உயர்வு தவறாகக் கூடிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அடிப்படைச் சம்பளமும் தர ஊதியமும் சேர்ந்து பத்தாயிரம் என்றால் 3 சதவீதத்தில் அது 300 ரூபாய். அந்த 300க்கு அகவிலைப்படி ஏறுகிறது. அடுத்த ஆண்டு உயர்வு அந்த 300ஐயும் சேர்த்தே கணக்காகிறது. ஏழாவது ஊதியக் குழுவில் 2.57 மடங்காகிறது. 2024 ஜனவரியில் அகவிலைப்படி 50 சதவீதமானபோது, அந்த 300 ரூபாய் மாதம் 1,750 ரூபாயை ஒட்டி நிற்கும். பதினைந்து ஆண்டுக்கும் கூட்டினால், வீட்டு வாடகைப்படியைச் சேர்க்காமலே, ஒன்றே முக்கால் லட்சம் ரூபாய் அளவில் வருகிறது. பெறுபவருக்கு இதில் எந்த மாதமும் 'இது கூடுதல்' என்று தெரிய வழியில்லை. சம்பளத்தில் ஒரு தொகை வந்தது, அதற்கேற்பக் கடனும் குழந்தையின் படிப்பும் அமைந்தன, அவ்வளவுதான்.

பிழைகளும் பலவிதம். தேர்வுநிலைக்குப் பத்து ஆண்டு, சிறப்புநிலைக்கு இருபது ஆண்டு என்று எண்ணும்போது சம்பளமில்லா விடுப்பைக் கழிக்க மறப்பது. பதவி உயர்வில் விருப்பக் கடிதம் கொடுத்த தேதியைத் தவறாக எடுப்பது. உயர்கல்விக்கான ஊக்க ஊதிய உயர்வைத் தகுதியில்லாத பட்டத்துக்கு அனுமதிப்பது, ஆசிரியர்களின் எஸ்.ஆரில் தணிக்கைத் தடை இதில்தான் அதிகம் விழும். இளையவரைவிட மூத்தவர் குறைவாக வாங்குகிறார் என்று சரிசெய்யப்போய், ஒப்பிடக் கூடாத இளையவரோடு ஒப்பிட்டுவிடுவது. இதில் எதையும் ஊழியர் தானே செய்துகொள்ள முடியாது. விதியை விளக்குவதும் ஆணை போடுவதும் பட்டியல் போடுவதும் வேறு வேறு கைகள்.

உச்ச நீதிமன்றத்தின் முதல் பார்வையும் இதுதான். 1994இல் இரண்டு வழக்குகள். ஷியாம் பாபு வர்மா வழக்கில், மருந்தாளுநர்களுக்கு 1973 முதல் கிடைத்துவந்த உயர் ஊதியக் கட்டு 1984இல் குறைக்கப்பட்டது. குறைத்தது சரி, ஆனால் இதுவரை கொடுத்ததைக் கேட்காதே என்றது நீதிமன்றம். சாகிப் ராம் வழக்கில், அரியானாவின் நூலகர் ஒருவருக்குக் கல்லூரி முதல்வர் விதியைத் தவறாகப் புரிந்துகொண்டு உயர் ஊதியம் கொடுத்துவிட்டார். நூலகர் பொய் சொல்லி வாங்கவில்லை. ஆகவே பிடிக்கக் கூடாது. இரண்டிலும் கேட்கப்பட்டது ஒரே கேள்வி: ஊழியர் ஏமாற்றினாரா?

அதே ஆண்டின் இன்னொரு தீர்ப்பு எனக்கு மிகவும் பிடித்தது. பகவான் சுக்லா என்ற ரயில்வே எழுத்தரின் அடிப்படைச் சம்பளம் 1970 டிசம்பர் முதல் 190 ரூபாய். 1991இல் ஒரு நாள், அது 181 ரூபாயாக இருந்திருக்க வேண்டும் என்று கண்டுபிடித்து, இருபது ஆண்டு பின்னோக்கிக் குறைத்தார்கள். ஒன்பது ரூபாய். ஒரு நோட்டீஸ்கூடக் கொடுக்கவில்லை. அந்த ஆணையை ரத்து செய்த நீதிமன்றம், சம்பளத்தைக் குறைப்பது சிவில் விளைவு உள்ள செயல், கேட்காமல் செய்யக் கூடாது என்றது. தொகை எவ்வளவு சிறியதாக இருந்தாலும் முதலில் விளக்கம் கேள் என்பது அன்றிலிருந்து சட்டம். அலுவலகங்களில் இன்னும் பழக்கமாகவில்லை. எங்கள் பதிவறை எழுத்தருக்குச் சம்மதக் கடிதம்தான் வந்தது, நோட்டீஸ் வரவில்லை.

2006இல் கர்னல் அக்காரா வழக்கில் நீதிமன்றம் இந்தச் சலுகையின் அடிப்படையைத் தெளிவாக்கியது. கூடுதல் பணத்தை வைத்துக்கொள்ள ஊழியருக்கு உரிமை கிடையாது. அவருக்கு வரும் கஷ்டத்தை நினைத்து நீதிமன்றம் தன் விருப்புரிமையில் கொடுக்கும் நிவாரணம் இது. கீழ்நிலை ஊழியர் கைக்கு வருவதையெல்லாம் குடும்பத்துக்குச் செலவழித்துவிடுவார், தனக்கு உரியது என்று நம்பித்தான் செலவழிப்பார் என்ற நடைமுறை அறிவு அதில் இருந்தது. ஊழியருக்கு அது கூடுதல் என்று தெரிந்திருந்தாலோ, பிழை உடனே கண்டுபிடிக்கப்பட்டாலோ நிவாரணம் இல்லை. 2008 டிசம்பரில் சையத் அப்துல் காதிர் வழக்கில் பீகார் ஆசிரியர்களுக்கும் இதே பாதையில் விடுதலை கிடைத்தது. தவறு நிதித் துறையுடையது என்று அரசே ஒப்புக்கொண்ட வழக்கு அது.

2012இல் காற்று திரும்பியது. சண்டி பிரசாத் உனியால் வழக்கில், உத்தராகண்டின் பள்ளி ஊழியர்களுக்குத் தவறான நிர்ணயத்தால் கூடுதல் போயிருந்தது. மோசடி எதுவும் இல்லை. ஆனாலும் நீதிமன்றம், இது வரி கட்டுபவரின் பணம், கொடுத்த அதிகாரிக்கும் சொந்தமில்லை, வாங்கியவருக்கும் சொந்தமில்லை, சட்ட அதிகாரம் இல்லாமல் போன பணம் திரும்ப வரத்தான் வேண்டும் என்றது. பன்னிரண்டு மாதத் தவணையில் கட்டச் சொன்னது. மிகக் கடுமையான கஷ்டம் உள்ள சில வழக்குகள் மட்டும் விதிவிலக்கு. இதைப் பிடித்துக்கொண்டு மத்தியப் பணியாளர் துறை 2014 பிப்ரவரி 6இல் ஓர் அலுவலகக் குறிப்பாணை வெளியிட்டது. துறைகளெல்லாம் பழைய கணக்கைத் தோண்டத் தொடங்கின.

இரண்டு போக்கும் மோதுகின்றனவே என்று மூன்று நீதிபதிகள் அமர்வுக்குக் கேள்வி போனது. 2014 ஜூலை 8இல் வந்த பதிலைச் சாமர்த்தியமானது என்றுதான் சொல்ல வேண்டும். மோதலே இல்லை என்றது அமர்வு. ஊழியருக்குச் சாதகமாக வந்தவை அரசியலமைப்பின் 142ஆவது பிரிவின்படி அந்தந்த வழக்கின் நியாயத்துக்காகக் கொடுத்த நிவாரணங்கள், அவை சட்டமாகா. உனியால் தீர்ப்புத்தான் சட்டம் வகுத்தது. தர்க்கம் சரி. ஆனால் ஆயிரக்கணக்கான ஊழியர்களுக்கு அதனால் என்ன வழி பிறந்தது?

வழி பிறந்தது அதே ஆண்டு டிசம்பர் 18இல். பஞ்சாப் அரசுக்கும் ரஃபீக் மாசி என்பவருக்கும் நடந்த வழக்கு. தலைப்பிலேயே பெயருக்குப் பக்கத்தில் 'ஒயிட் வாஷர்' என்று இருக்கும். இன்று நாடு முழுக்க எழுத்தர் முதல் தலைமையாசிரியர் வரை மேற்கோள் காட்டும் தீர்ப்பு, சுவருக்கு வெள்ளையடிக்கும் பணியின் பெயரைத் தாங்கி நிற்கிறது. நீதிபதி ஜெகதீஷ் சிங் கேஹரும் நீதிபதி அருண் மிஸ்ராவும் அடங்கிய அமர்வு, பிடித்தம் கூடாத ஐந்து நிலைமைகளைச் சொன்னது. கீழ்நிலையான 'சி', 'டி' பிரிவு ஊழியர்களிடம் பிடிக்கக் கூடாது. ஓய்வுபெற்றவரிடமும், ஆணை வந்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் ஓய்வுபெறப் போகிறவரிடமும் கூடாது. ஆணைக்கு முன் ஐந்து ஆண்டுக்கு மேலாகக் கூடுதல் போய்க்கொண்டிருந்தால் கூடாது. தவறுதலாக உயர் பதவியின் வேலையை வாங்கிக்கொண்டு அதற்குக் கொடுத்த சம்பளத்தைக் கேட்கக் கூடாது. கடைசியாக, அரசின் உரிமையைவிட ஊழியரின் துன்பம் மிகப் பெரிதாக இருக்கும் வேறு எந்த நிலையிலும் கூடாது.

பதிவறை எழுத்தருக்கு முதல் மூன்றும் பொருந்தும். 2017இல் அவர் சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டபோது அந்தத் தீர்ப்பு வந்து இரண்டு ஆண்டுக்கு மேல் ஆகியிருந்தது. மத்தியப் பணியாளர் துறையே 2016 மார்ச் 2இல் அதை ஏற்றுக் குறிப்பாணை வெளியிட்டிருந்தது. எங்கள் பிரிவில் யாரும் அவரிடம் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை, எனக்கே அப்போது தெரியாது.

அந்த மத்தியக் குறிப்பாணையிலும் ஒரு முடிச்சு உண்டு. பிடித்தத்தைத் தள்ளுபடி செய்ய வேண்டுமானால் செலவினத் துறையின் ஒப்புதல் வேண்டும் என்கிறது அது. பிடிப்பதற்கு ஓர் அலுவலரின் கையெழுத்துப் போதும், விடுவதற்கு டெல்லிவரை கோப்புப் போக வேண்டும் என்றால் எந்த அலுவலர் விடுவார்? தள்ளுபடி செய்தால் நாளை தன் தலையில் தணிக்கைத் தடை விழும். பிடித்தால் ஊழியர் வழக்குப் போடுவார், அதை அரசு வழக்கறிஞர் பார்த்துக்கொள்வார். பாதுகாப்பான வழி எது என்று அவருக்குத் தெரியும்.

அடுத்த முடிச்சு உறுதிமொழி. ஊதியக் குழுப் பரிந்துரை அமலாகும்போது, தவறாக நிர்ணயமாகிக் கூடுதல் வந்தால் திருப்பித் தருகிறேன் என்று ஊழியரிடம் எழுதி வாங்குவது வழக்கம். 2016 ஜூலையில் உச்ச நீதிமன்றம் ஜக்தேவ் சிங் வழக்கில் இதைக் கையில் எடுத்தது. அரியானாவில் சிவில் நீதிபதியாக இருந்து கட்டாய ஓய்வு பெற்றவரிடம் 1,22,003 ரூபாய் கேட்கப்பட்டது. அவர் உறுதிமொழி கொடுத்திருந்ததால், ஓய்வுபெற்றவர் என்ற பாதுகாப்பு அவருக்கு இல்லை என்றது நீதிமன்றம். இரண்டு ஆண்டில் தவணையாக வாங்கிக்கொள்ளச் சொன்னது. சட்டம் படித்த ஒரு நீதிபதி எழுதிக்கொடுத்த உறுதிமொழிக்கு இது பொருந்தலாம். ஆனால் ஊதியக் குழுப் படிவத்தின் கீழே அச்சடித்து வரும் வாசகத்தில், கையெழுத்துப் போடாவிட்டால் புதிய சம்பளமே வராது என்ற நிலையில், ஓர் இரவுக் காவலர் போடும் கையெழுத்தும் அதே எடையா? உயர் நீதிமன்றங்கள் இதில் ஒரே குரலில் பேசவில்லை. என்னைக் கேட்டால், மறுக்க வழியில்லாத இடத்தில் வாங்கிய கையெழுத்தைச் சம்மதம் என்று சொல்லக் கூடாது.

அதன் பிறகு வந்த தீர்ப்புகள் பெரும்பாலும் ஊழியர் பக்கமே. 2022 மே மாதம் தாமஸ் டேனியல் வழக்கில், 1999இல் ஓய்வுபெற்ற கேரளத் தலைமையாசிரியர் ஒருவரிடம் கூடுதல் ஊதிய உயர்வைத் திரும்பக் கேட்டது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. ஓய்வுபெற்றுக் கால் நூற்றாண்டை நெருங்கும்போதுதான் அவருக்கு விடை கிடைத்தது. 2025 ஏப்ரலில் ஒடிசா நீதிமன்றங்களில் சுருக்கெழுத்தர்களாகவும் நேர்முக உதவியாளர்களாகவும் இருந்து ஓய்வுபெற்றவர்களுக்கும் அதே தீர்வு. அதே மாதம் 3ஆம் தேதி மேற்கு வங்க ஆசிரியர் நியமன வழக்கில் வந்த தீர்ப்பையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 2016ஆம் ஆண்டுத் தேர்வின் 25,753 நியமனங்கள் ரத்தாயின. முறைகேட்டில் வேலை பெற்றவர்கள் வாங்கிய சம்பளத்தைத் திருப்பித் தர வேண்டும். முறைகேட்டில் சிக்காதவர்கள் தர வேண்டியதில்லை. ஏமாற்றினாரா என்ற 1994ஆம் ஆண்டுக் கேள்வி இன்னும் உயிரோடுதான் இருக்கிறது.

இனி, அதிகம் பேசப்படாத ஒன்று. நீதிமன்றம் பிடித்தத்தைத் தடுத்தாலும், சம்பளத்தைச் சரியான அளவுக்குக் குறைப்பதைத் தடுப்பதில்லை. பென்ஷன் கடைசிச் சம்பளத்தை வைத்துக் கணக்காகிறது. ஆகவே கையில் வாங்கியது கையோடு நிற்கும், ஆனால் வாழ்நாள் முழுக்க வரும் பென்ஷன் குறையும், பென்ஷனின் ஒரு பகுதிக்கு ஈடாக மொத்தமாகக் கிடைக்கும் கம்யூட்டேஷன் குறையும், பணிக்கொடை குறையும், பின்னாளில் குடும்ப ஓய்வூதியமும் குறையும். 'ஜெயித்துவிட்டேன்' என்று தீர்ப்போடு வருபவரிடம் இதைச் சொல்வது கஷ்டமான வேலை. இதில் அநியாயம் என்று சொல்லவும் முடியாது. உரிமையில்லாத சம்பளத்தின் மேல் பென்ஷன் கேட்க முடியாதுதான். ஆனால் அந்தப் பிழை நேர்ந்தபோதே திருத்தப்பட்டிருந்தால் அவர் அதற்கேற்ப வாழ்க்கையை அமைத்திருப்பார்.

வருமான வரியையும் யாரும் கணக்கில் எடுப்பதில்லை. கூடுதல் சம்பளத்துக்கு அந்தந்த ஆண்டில் வரி பிடித்தாகிவிட்டது. திரும்பக் கேட்பது முழுத் தொகையை. பத்து ஆண்டுக்கு முன் கட்டிய வரியைத் திரும்பக் கேட்டுக் கணக்குத் தாக்கல் செய்யக் காலக்கெடு எப்போதோ முடிந்துபோயிருக்கும். கைக்கு வராத பணத்தையும் சேர்த்துக் கட்டுகிறார்.

இன்னொரு முரண். கடன் கொடுத்தவர் நீதிமன்றம் போனாலும் அரசு ஊழியரின் பணிக்கொடையை ஜப்தி செய்ய முடியாது. சிவில் நடைமுறைச் சட்டத்தின் 60ஆவது பிரிவு அதைக் காக்கிறது. கந்துவட்டிக்காரர் தொட முடியாத அந்தப் பணத்தில், அரசு தன் பாக்கி என்று சொன்னால் ஓர் அலுவலக ஆணையில் கழித்துக்கொள்கிறது. பாக்கி உண்மையில் பாக்கிதானா என்று பார்க்க மூன்றாம் ஆள் யாரும் நடுவில் இல்லை.

இது இந்தியாவின் தனிச் சிக்கல் என்று சொல்வதற்கில்லை. கனடாவில் 2016இல் தொடங்கிய ஃபீனிக்ஸ் என்ற கணினிச் சம்பள முறை, மத்திய அரசு ஊழியர்கள் பலருக்குக் குறைத்தும் பலருக்குக் கூட்டியும் கொடுத்து, அந்தக் கணக்கைத் தீர்ப்பதே ஆண்டுக்கணக்கில் ஒரு வேலையாகிவிட்டது. அமெரிக்காவில் மிகைச் சம்பளத்தைத் தள்ளுபடி செய்யும் அதிகாரம் சட்டத்திலேயே இருக்கிறது: ஊழியரிடம் குற்றமில்லை, வாங்குவது நியாயத்துக்கும் மனச்சாட்சிக்கும் ஒவ்வாது என்றால் துறையே விட்டுவிடலாம், அதற்கு ஊழியர் மூன்று ஆண்டுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். நம்மிடம் அந்த நியாயம் ஒவ்வொருவரும் தனித்தனியாக ரிட் மனு போட்டால்தான் கிடைக்கிறது. ரஃபீக் மாசி தீர்ப்பை வைத்து இன்றும் மனு போட வேண்டியிருக்கிறது என்பதே நிர்வாகத்தின் மேல் ஒரு குறிப்பு.

ஆனால் அரசின் பக்கம் நியாயமே இல்லை என்று சொன்னால் நான் இருந்த நாற்காலிக்குத் துரோகம். பணம் பொதுப்பணம். கூடுதல் வருகிறது என்று தெரிந்தும் வாய்மூடி இருந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். தன் நிர்ணயத்தைத் தானே எழுதி அலுவலரிடம் கையெழுத்து வாங்கியவரையும் பார்த்திருக்கிறேன். இவர்களுக்கு எந்தப் பாதுகாப்பும் கூடாது. பணியில் இருப்பவருக்குப் போன இரண்டு மூன்று ஆண்டில் கூடப் போயிருந்தால், நோட்டீஸ் கொடுத்து, கணக்கைக் காட்டி, தவணையில் வாங்குவது முறைதான். ஐந்து ஆண்டுக்கு மேற்பட்டதைத் தொடக் கூடாது. அது எந்தப் பிரிவு ஊழியராக இருந்தாலும் சரி, உறுதிமொழி கொடுத்திருந்தாலும் சரி. ஐந்து ஆண்டில் ஒரு பதிவேட்டைப் படிக்க முடியாத நிர்வாகம், அந்தப் படிக்காததன் விலையைத் தானே கட்டட்டும். பிழை எழுதியவரும் கையெழுத்திட்டவரும் யார் என்ற கேள்வியும் வர வேண்டும். என் முப்பது ஆண்டில் அந்தக் கேள்வி எந்தக் கோப்பிலும் எழுந்ததை நான் பார்த்ததில்லை. அந்த ஆறு ஊதிய உயர்வுக்கு என்னையும் யாரும் கேட்கவில்லை.

பணியில் இருக்கும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். எஸ்.ஆரை ஆண்டுக்கொரு முறை ஊழியரிடம் காட்டிக் கையெழுத்து வாங்க வேண்டும் என்பது பழைய நடைமுறை. பெரும்பாலான அலுவலகங்களில் அந்தக் கையெழுத்து மொத்தமாக ஒரே நாளில், பக்கம் புரட்டாமல் போடப்படுகிறது. இப்போது தமிழ்நாட்டில் பதிவேடு கணினிக்கும் ஏறியிருக்கிறது. இந்த மாதமே கேட்டு வாங்கிப் பாருங்கள். சம்பளமில்லா விடுப்பு எடுத்த ஆண்டில் ஊதிய உயர்வுத் தேதி மாறியதா, பதவி உயர்வில் நீங்கள் கொடுத்த விருப்பக் கடிதம் ஒட்டப்பட்டிருக்கிறதா, தேர்வுநிலைத் தேதி சரியா என்று இந்த மூன்றை மட்டுமாவது பாருங்கள். தவறு இருந்தால் எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஓய்வுபெறும் மாதத்தில் யாராவது தட்டச்சு செய்த சம்மதக் கடிதத்தை நீட்டினால், படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.